ரிஜெக்ட் பட்டன் போன இடம்

நிக்டி, புனே
திங்கள் பிற்பகல்

மதிப்பும் பாசமும் நிறைந்த மச்சான் பாலசுப்ரமணியன் அவர்களுக்கு, கந்தசாமி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கை சந்திரிகாவும் நலம். மகன் சபரி நலமா என்பது சாயங்காலம்தான் தெரியும். அங்கே அக்காவும் குழந்தைகளும் சுகமாக இருக்கப் பேரூர் ஈசன் துணை நிற்கட்டும்.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். வருகிற வெள்ளிக்கிழமை சபரிக்கு ஸ்ரீவித்யாவைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தோம் அல்லவா, அதை எப்படியாவது தள்ளிப்போடுங்கள். "பையனுக்கு வேலை பர்மனென்ட் ஆயிடுச்சுங்களா?" என்று பெண்ணின் அப்பா ஒவ்வொரு முறையும் கேட்டாரே, அந்த வேலைக்குத்தான் நான் உலை வைத்துவிட்டேன். போனில் சொல்லலாம் என்றால் போன் ஹாலில் இருக்கிறது, ஹாலில் உங்கள் தங்கை இருக்கிறாள். அதனால்தான் கடிதம், கூரியரில் போட்டால் புதன்கிழமையே உங்கள் கைக்கு வந்துவிடும்.

ரிடையர் ஆனதிலிருந்து என் கை ஒரு நிலையில் இருப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். பிரிட்ஜை ஜன்னல் பக்கம் நகர்த்துவேன், வெயில் படுகிறது என்று திரும்ப இந்தப் பக்கம் இழுப்பேன், டி.வி.யை மாற்றுவேன், ஒயர் எட்டாது. "ஏனுங்க, பொருளை வெச்ச எடத்துல இருக்க உடமாட்டீங்களா?" என்று சந்திரிகா கேட்காத நாளில்லை. இப்படிப்பட்டவன் வீட்டுக்குள் சபரி கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தான். இங்கே பக்கத்தில் வாகட் என்ற இடத்தில் இருக்கிற அவன் கம்பெனி, ஒரு பெரிய தொழிற்சாலைக்கு லீவு விண்ணப்பம் போடும் வெப்சைட் செய்கிறது. தொழிலாளி அதில் லீவு கேட்பார், அதிகாரி அதிலேயே 'அப்ரூவ்' அல்லது 'ரிஜெக்ட்' பட்டனை அமுக்குவார். அந்தத் திரைகளைச் செய்கிற பொறுப்பு நம் சபரிக்கு. இன்று தொழிற்சாலைக்காரர்கள் வந்து பார்ப்பார்கள், அவர்களுக்குப் பிடித்தால் வேலை நிரந்தரம்.

இதற்கெல்லாம் பெரிய படிப்பு வேண்டும் என்று நானும் நினைத்திருந்தேன். போய்ப் பார்த்தால், ஓரத்தில் ஒரு பெட்டி நிறைய பட்டன்களும் எழுதுகிற கட்டங்களும் இருக்கின்றன, மௌஸால் பிடித்து இழுத்து வேண்டிய இடத்தில் விட்டால் அங்கேயே உட்கார்ந்துகொள்கிறது. எழுத வேண்டிய புரோகிராமை எல்லாம் அதுவே எழுதிக்கொள்கிறதாம். மச்சான், இது சாமான் நகர்த்துகிற வேலை! என் வேலை! பக்கத்தில் போய் நின்றாலே, "அப்பா, கை வெக்க நகோ, ப்ளீஸ்" என்பான். இங்கேயே வளர்ந்த பிள்ளை, வேண்டாம் என்பதற்கு மராத்தியில் 'நகோ' என்பான், அவன் தமிழ் அப்படி.

நேற்று ஞாயிற்றுக்கிழமை அவன் முடிவெட்டப் போனான். கம்ப்யூட்டர் திறந்தே கிடந்தது. தலைப்பு ஒரு பக்கமாக ஒதுங்கி இருந்தது, நடுவில் வைத்தேன். லீவுக்குக் காரணம் எழுதும் கட்டம் ரொம்பச் சின்னது, மனுசனுக்கு ஆயிரம் கஷ்டம் இருக்கும், அதை இழுத்துப் பெரிதாக்கினேன். அத்தோடு எழுந்திருக்கலாம். கண் அந்த ரிஜெக்ட் பட்டன் மேல் போய்விட்டது, அப்ரூவுக்கு முன்னால் சட்டமாக உட்கார்ந்திருந்தது. உங்களுக்கு ஞாபகம் இருக்கும், சபரி பிறந்தபோது நான் கேட்ட லீவை எங்கள் அதிகாரி குறுக்கே கோடு போட்டுத் திருப்பி அனுப்பினார். கோயம்புத்தூரில் தொட்டிலுக்குப் பக்கத்தில் நீங்கள் நின்றீர்கள், நான் இங்கே மெஷினுக்குப் பக்கத்தில் நின்றேன். அந்த ஆத்திரம் இன்னும் எனக்கு ஆறவில்லை. பட்டனைப் பிடித்து ஒரு தள்ளுத் தள்ளினேன். திரையின் விளிம்பைத் தாண்டிப் போய்விட்டது. போனது போனதுதான். தேடி இழுக்கிறேன் என்று எதையோ அமுக்க, இன்னொரு அப்ரூவ் பட்டன் முளைத்தது. அந்த நேரம் பார்த்து சந்திரிகா, "அங்கென்னுங்க பண்றீங்க?" என்று வந்தாள். பதற்றத்தில் மூடப்போனேன், சேவ் பண்ணட்டுமா என்று அது கேட்டது, எதைக் கேட்டாலும் சரி சொல்லியே பழகிய மனுசன், சரி என்று அமுக்கிவிட்டேன்.

ராத்திரியெல்லாம் புரண்டேன். காலையில் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன், அவன் குனிந்து காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, எல்லாவற்றையும் பதிந்த சி.டி.யைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான். இப்போது மொபைலில் கூப்பிட்டால் எடுக்கமாட்டேன் என்கிறான். பால்கனிக்கும் வாசலுக்கும் நான் நடந்த நடையில் கீழ்வீட்டு மராத்தி அம்மா மேலே வந்து, "காய் ஜாலா காகா?" என்று, என்ன ஆச்சு என்று விசாரித்துவிட்டுப் போனார். ரெண்டு அப்ரூவ் பட்டன், ஒரு ரிஜெக்ட்கூட இல்லை! எந்த முதலாளி வாங்குவான்? பிள்ளை பிழைப்பைக் கெடுத்த அப்பன் நானாகத்தான் இருப்பேன். பெண் வீட்டாரிடம் எனக்கு மூட்டுவலி என்று சொல்லிவையுங்கள். இனி ஜென்மத்துக்கும் மௌஸைத் தொடமாட்டேன், இது சத்தியம்.

பெரியவர்களுக்கு என் நமஸ்காரமும் சிறியவர்களுக்கு ஆசிகளும். எல்லாரும் மனநிம்மதியோடு இருங்கள், எனக்குத்தான் அது இல்லை.

இப்படிக்கு,
உங்கள் தங்கை வீட்டுக்காரன்
கந்தசாமி

பி.கு.: உறையை ஒட்டுமுன் சபரி வந்துவிட்டான். சி.டி.யை அவன் சனிக்கிழமையே பதிந்துவிட்டானாம், நான் நகர்த்தியது எதுவும் வீட்டு வாசலைத் தாண்டவில்லை. வேலை நிரந்தரம்! பெண் வீட்டாரிடம் தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் வெள்ளிக்கிழமை வர முடியாது. நிஜ விண்ணப்பம் ஒன்றில் அமுக்கிக் காட்டுங்கள் என்று வந்தவர்கள் கேட்க, கம்பெனி ஆட்களே போட்டு வைத்திருந்த லீவுகளில் முதலாவதாக இருந்ததை இவன் மேனேஜர் எல்லார் முன்னிலும் ரிஜெக்ட் செய்து காட்டினாராம். அது பெண் பார்க்க சபரி கேட்டிருந்த லீவு. கைதட்டினார்களாம். ஒரு தடவை ரிஜெக்ட் ஆன தேதிக்குத் திரும்ப விண்ணப்பிக்க முடியாதபடி செய்து வைத்திருப்பவனும் நம் பிள்ளையேதான். என்னுடைய திரை போயிருந்தால் வெள்ளிக்கிழமை எல்லாரும் உங்கள் வீட்டில் இருந்திருப்போம் மச்சான். மேலே சத்தியம் செய்த வரியை மட்டும் அடித்துவிட்டுப் படியுங்கள். சபரி குளிக்கப் போயிருக்கிறான், கம்ப்யூட்டர் திறந்துதான் இருக்கிறது.