துக்க வீட்டில் உருவாகும் சட்டம்

திரிப்போலி,
செப்டம்பர் 1951

நம் புது நாட்டுக்கு அரசியல் சட்டம் எழுதும் குழுவில் உட்கார்ந்திருக்கும் என் அண்ணன் பூசைரிக்கு, தங்கை மப்ரூக்கா ஸலாம் சொல்லி எழுதுவது. நான் நலமில்லை, நீயாவது நலமாயிரு.

என் வீட்டுக்காரர் கைத் மவுத்தாகி நாற்பது நாள் ஆகிறது. புருஷனை இழந்தவள் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தா முடிய இன்னும் மூன்று மாதம். வாசல் தாண்ட முடியாது. நீ தினமும் இங்கே வந்தாலும் அந்தக் கூட்டத்தை விட்டு எழுந்து உள்ளே வருவதில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். மூன்று நாள் துக்கம் கேட்க வந்த உன் குழு இன்னும் போகவில்லையே அண்ணா! துக்க வீட்டில் குரலை உயர்த்தக் கூடாது, கோபித்து எழுந்து போகக் கூடாது. அதனால் வேறெங்கும் அடிதடியாகிற பேச்சு இங்கேதான் நகர்கிறதாம். திரைக்குப் பின்னாலிருந்து எல்லாம் கேட்கிறேன். தலைநகரம் திரிப்போலியா பெங்காசியா என்பதற்கே ஒரு வாரம் போனது. "பெங்காசியை விட்டா உங்களுக்கு ஊரே தெரியாதா?" என்று ஒருவர் பல்லைக் கடிக்கிறார், உடனே நினைவு வந்து, "அல்லாஹ் கைத்துக்குச் சுவனம் தரட்டும்" என்கிறார், எல்லாரும் ஆமீன். தெற்குப் பாலைவனத்து ஃபெஸ்ஸான்காரர் ஸிதான், "ரெண்டு ஊரையும் வெச்சுக்கோங்கப்பா, நடுவுல சாகப்போறது எங்க ஒட்டகம்தானே" என்கிறார்.

நேற்று வீட்டைப் பற்றிய வரி வந்தது. யார் வீட்டிலும் அனுமதியின்றி எவரும் நுழையக் கூடாது என்று வாசித்தபோது அழுதுவிட்டேன். இருபது வருஷம் முன்னால் இத்தாலிக்காரன் எங்கள் கதவை உதைத்து அவரை இழுத்துப்போனான். திரும்பி வந்தவருக்குப் பாதி மூச்சுதான் மிச்சம். அந்த வரியை வாசித்து முடித்ததுமே உங்கள் குழு வக்கீல், "சட்டம் சொன்னா நுழையலாம்னு ஒரு வார்த்தை சேர்த்துடலாம்" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, அன்னிக்கு வந்தவன் கையிலயும் சட்டக் காகிதம்தான் இருந்துச்சு" என்றேன். அதற்கு வக்கீல் சொன்னார்: "தங்கச்சி, டீயில சீனி கொஞ்சம் கம்மியா இருக்கட்டும்."

வக்கீல் சேர்க்கச் சொன்ன அந்த ஒட்டு வார்த்தையை வெட்டி எறி அண்ணா. வெட்டும்வரை உன் குழுவில் ஒருவரும் என் வாசலை மிதிக்க வேண்டாம்.

அண்ணிக்கு ஸலாம். கையெழுத்துப் போடும்போது உன் கை நடுங்காமலிருக்க துஆ செய்கிறேன்.

மப்ரூக்கா

பின்குறிப்பு: இதைக் கொடுத்தனுப்ப ஆளில்லாமல் மூன்று நாள் போயிற்று. பெருநாளுக்கு எல்லாரும் அவரவர் ஊருக்குப் போய்விட்டீர்களாம். ஒரு ஆளுக்கு மட்டும் டீ போட எனக்குக் கை வரவில்லை. அந்த ஒட்டு வேண்டாம் என்பதில் மாற்றமில்லை. ஆனால் அனுமதியின்றி நுழையக் கூடாது என்ற வரி இந்த வீட்டுக்குச் செல்லாது என்று எங்கேயாவது எழுதிவை. ஊரிலிருந்து வந்ததும் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வா. கதவைத் தட்டக்கூட வேண்டாம்.