நூற்று நான்கு வயது மணப்பெண்

ஓடிக்கொண்டிருக்கிற மெஷினைத் தொடாமல் இருப்பதற்கென்று தனியாக ஒரு அறிவு வேண்டும். இருபத்திரண்டு வயதில் அது எனக்குச் சுத்தமாகக் கிடையாது. தி.நகரில் ஹார்டுவேர் கோர்ஸ் முடித்துவிட்டு, சட்டைப்பையில் ஸ்க்ரூ டிரைவரோடு திரிந்த காலம். (பேனா குத்திக்கொள்ளும் இடத்தில் அதைத்தான் குத்திக்கொள்வேன்.)

மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் அப்பாவுடையது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், ஜாதகம் கணிக்கும் சாஃப்ட்வேர் ஒன்றைப் போட்டுக்கொண்டு தெருவுக்கே பொருத்தம் பார்த்துச் சொன்னார். "மனுஷா தப்பு பண்ணுவா, கம்ப்யூட்டர் பண்ணாது" என்பார். அது ஆடி அசைந்து மெதுவாகத்தான் ஓடும். அப்பாவுக்கு அதில் குறையில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. இன்னொரு மெமரி அட்டை செருகினால் பறக்கும் என்று கிளம்பினேன்.

ராயப்பேட்டையில் பழைய பாகங்கள் விற்பவர் ஒழுங்காகத்தான் கேட்டார். "உன் மெஷின்ல இப்போ இன்னா மெமரி கீது? அத்தைக் கயட்டி எடுத்துக்கினு வா நைனா. பாத்து ஜோடி சேத்துத் தரேன். வேற வேற போட்டா மக்கர் பண்ணும்."

"அதெல்லாம் சேரும், குடுங்க" என்றேன். (பத்துப் பொருத்தம் பார்க்காமல் பெண் கொடுக்காத வீட்டுப் பிள்ளை பேசுகிற பேச்சா இது!)

அக்காவுக்கும் அவள் ஆபீஸில் வேலை பார்த்த அசோக் நகர்ப் பையன் ஒருவனுக்கும் பிடித்துப்போயிருந்தது. இரண்டு வீட்டிலும் ஒரே நிபந்தனை: ஜாதகம் பொருந்தினால் கல்யாணம். "எங்காத்துக்கே வாங்கோ, உங்க கண்ணு முன்னாடியே பாத்துடலாம்" என்று அப்பா அழைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மாலை, பையன் தன் அப்பா அம்மாவோடு வந்து உட்கார்ந்தான். அக்கா என்னைச் சமையலறைக்குள் இழுத்து, "இது மட்டும் அமையலேன்னா எனக்குக் கல்யாணமே வேண்டாம்டா" என்றாள். முதல் நாள்தான் நான் அந்தப் புது மெமரியைச் செருகியிருந்தேன்.

அப்பா தட்டினார். பத்துக்கு ஒன்பது பொருத்தம்! அக்கா முகம் மலர்ந்துவிட்டது. அம்மா கேசரித் தட்டுகளோடு வந்தாள். அத்தோடு முடிந்திருக்க வேண்டும். பையனின் அம்மா, "அதை ஒரு காப்பி எடுத்துக் குடுத்தா ஸ்வாமி கிட்ட வெச்சுப்பேன்" என்றாள். அப்பா மறுபடி கணக்குப் போட்டு அச்சடித்தார். தாளில் 'பெண்ணின் வயது: 104' என்று வந்தது.

மாமி தாளைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். "பாத்தா அப்படித் தெரியலையே" என்றாள்.

"ஒரே நிமிஷம் மாமி" என்று ஸ்க்ரூ டிரைவரை உருவினேன்.

"ஒம்பது வந்தாச்சோல்லியோ, விட்டுத் தொலையேண்டா கடங்காரா!" என்று அக்கா காதருகில் சீறினாள்.

"ராகு காலம் வந்துடுத்து, இப்போ போய்த் திறக்காதேடா" என்றார் அப்பா.

கேட்பேனா? தொழில் மானம் போகிறதே! மூடியைக் கழற்றினேன். இரண்டு மெமரியையும் எடுத்து, ரப்பரால் தேய்தேய் என்று தேய்த்து மாட்டினேன். இப்போது பெண்ணின் வயது சரி. பையன்தான் இன்னும் பிறக்கவே இல்லை என்றது. "அப்போ நாங்க எதுக்கு வந்திருக்கோம்?" என்றார் பையனின் அப்பா. இடம் மாற்றிச் செருகினேன். திரை இருட்டாகி, உள்ளிருந்து கீ கீ என்று அலறல் மட்டும் வந்தது. வியர்த்துக் கொட்டியது. பிராணன் போனாலும் இதைச் சரிசெய்யாமல் எழுந்திருக்கப் போவதில்லை என்று தரையில் சம்மணம் போட்டுவிட்டேன். கடைசியில்தான் கடைக்காரர் சொன்னது மண்டையில் உறைத்தது. புதியதைப் பிடுங்கிவிட்டுப் பழையதை மட்டும் போட்டேன். மெஷின் சமர்த்தாக ஓடியது. பொருத்தம் நான்கு. மறுபடி தட்டினேன். நான்கு. இன்னொரு முறை. அதே நான்கு.

"சரியாயிடுத்து! இதுதான் கரெக்ட்! முன்னாடி வந்ததெல்லாம் தப்பு!" என்று வெற்றிக் களிப்பில் கத்திவிட்டுத் திரும்பினேன். அக்கா கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. அப்போதுதான் நான் என்ன செய்துவிட்டேன் என்று புரிந்தது.

மாமிதான் தாளை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தபடி, "நூத்தி நாலு வயசுன்னு சொன்ன மெஷின்தானே இது? என் பிள்ளை பொறக்கவே இல்லேன்னுது. இதைக் கேட்டுண்டா கல்யாணம் பண்ணுவா? கோயில்ல பூ கட்டிப் பாத்துப்போம், வாங்கோ" என்றாள்.

"இல்லே மாமி, இப்போ மெஷின் சரி..." என்று ஆரம்பித்தேன். அக்கா ஒரு கரண்டி கேசரியை என் வாயில் திணித்தாள். கம்ப்யூட்டர் தப்பே பண்ணாது என்ற அப்பா, மெள்ள எழுந்துபோய்ச் சுவிட்சை அணைத்தார்.

கோயிலில் நல்ல சகுனமாக வெள்ளைப் பூ வந்தது. தை மாதம் கல்யாணம். அந்தப் புது மெமரியை அக்கா நகைப்பெட்டியில் வைத்துக்கொண்டு புக்ககம் போனாள். அவளுடைய ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் அத்திம்பேர் அந்த நூற்று நான்கிலிருந்து தொடர்ந்து கணக்குச் சொல்வார். நூற்று முப்பதைத் தாண்டி நடக்கிறது.

போன மாதம் அவரிடமிருந்து போன். அவர்கள் பெண் தன்னோடு வேலை பார்க்கும் பையன் ஒருவனைக் கைகாட்டியிருக்கிறாளாம். பையன் வீட்டில் ஜாதகம் கேட்கிறார்களாம்.

"ஏண்டா, உங்கக்கா நகைப்பெட்டியில இருக்கிற அந்த மெமரி இப்போ வர்ற கம்ப்யூட்டர்ல சேருமா?" என்றார்.