தாய்மாமனுக்கு ஊதா முடி

ஆலங்குடி சுற்றுவட்டாரத்தில் கடந்த சில வருடங்களாக ஃப்ளெக்ஸ் பேனரில் கோட் சூட் போட்டுச் சிரிக்கும் ஆண்களில் பாதிப்பேர் கழுத்துக்குக் கீழே கொரியாக்காரர்கள். இதை நான் இதுவரை வெளியில் சொன்னதில்லை. சொன்னால் சில கட்சிக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஆனால் உண்மை அதுதான், அதற்குக் காரணம் நான்தான்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் டிசைனராக வேலை பார்க்கிறேன். வேலைக்கு வெளியே (சில சமயம் வேலைக்கு உள்ளேயும்) ஒரு கொரியப் பாடகருக்கு ரசிகை. பெயரைச் சொல்ல மாட்டேன். ஊதா நிற முடி, காதில் ஒற்றைக் கடுக்கன், சந்தன நிறம் என்பது வரைக்கும் சொல்லலாம். திருவரங்குளத்திலிருந்து ஆலங்குடி வரும் பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் போனில் விருதுப் போட்டிகளில் அவருக்கு ஓட்டுப் போடுவேன். பஞ்சாயத்துத் தேர்தலுக்குக் கூட நான் அவ்வளவு ஒழுங்காக ஓட்டுப் போட்டதில்லை.

எங்கள் ஊர் ஆண்கள் தருவது வேட்டி சட்டையில் எடுத்த பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. பேனரில் மட்டும் கோட் சூட் வேண்டும் என்பார்கள். என்னிடம் துல்லியமாக இருந்த கோட் சூட் படங்கள் எல்லாமே நம்ம ஆளுடையவை. சரி, அவர் உடம்பில் இவர்கள் தலையை ஒட்டினால் ஆயிற்று. மற்ற டிசைனர்கள் முதலில் அடியில் இருக்கும் படத்தின் தலையை வெட்டிவிடுவார்கள். எனக்கு அவர் தலையை என் கையால் வெட்ட மனசு வரவில்லை. அதனால் அவரை முழுசாக அப்படியே வைத்து, வாடிக்கையாளரின் தலையைப் பெரிதாக்கி மேலே வைத்து மூடிவிடுவேன். ஒன்றியச் செயலாளர்கள் முதல் மாப்பிள்ளைகள் வரை எல்லாருடைய தலைக்கு அடியிலும் அவர் பொறுமையாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

இந்த ரசிகர் உலகத்தில் எனக்குக் கிடைத்த பெரிய சொத்து ஃபர்கானா. டாக்காவில் இருக்கிறாள், என் வயதுதான், பல் டாக்டரிடம் உதவியாளர் வேலை. எங்கள் இரண்டு பேர் ஆங்கிலத்தையும் சேர்த்தால்தான் ஒரு வாக்கியம் தேறும். இருந்தாலும் மூன்று வருடமாக ஒரு நாள் விடாமல் மெசேஜில் பேசிக்கொண்டிருந்தோம்.

அந்த வருடம் அவர்கள் நாட்டில் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். பிறகு போலீஸ், துப்பாக்கிச் சூடு, ஊரடங்கு. "தம்பி ஊர்வலத்துக்குப் போய்விட்டான், நெட்டை நிறுத்தப் போகிறார்களாம்" என்று ஒரு செய்தி அனுப்பினாள். அதன் பிறகு நான் அனுப்பியதெல்லாம் ஒற்றை டிக்கோடு நின்றது. ஐந்து நாள். அந்த வாரம்தான் நம்ம ஆளின் புதுப்பாட்டு வந்தது. நான் கேட்கவில்லை. மானிட்டருக்குப் பின்னால் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு அந்த ஒற்றை டிக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் சோறு இறங்கவில்லை. "வங்கதேசத்து அரசாங்கம் பண்றதுக்கு நீ எதுக்கு ரசத்தை ஒதுக்குற?" என்றார் எங்க வீட்டுக்காரர்.

ஆறாவது நாள், சனிக்கிழமை காலை, கீரமங்கலம் பக்கத்திலிருந்து சரோஜா அக்கா கடைக்கு வந்தார். மறுநாள் குலதெய்வக் கோயிலில் மகளுக்குக் காதுகுத்து. பன்னிரண்டுக்கு எட்டு அடியில் ஒரு ஃப்ளெக்ஸ் வேண்டும். நடுவில் பிள்ளை, பக்கத்தில் அதே அளவுக்குத் தாய்மாமன். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் எங்கள் பக்கம் காது குத்துவார்கள். அந்த மாமன் வரவில்லை, அதனால்தான் படமாவது இருக்கட்டும் என்றார்.

"எங்கக்கா இருக்காரு?" என்று கேட்டேன்.

"டாக்கா. துணிக் கம்பெனியில மிஷின் மெக்கானிக்கு. வாட்ஸ்அப்புலதான் பேசுவான், ஆறு நாளா போகல மகேசு. டிவியில சுடுறான் சுடுறான்னு காட்டுறாங்க. பத்திரிகை குடுத்தாச்சு, சாமிக்குச் சொல்லியாச்சு, நிறுத்த முடியாதுங்கறாங்க. என் தம்பி இருக்கானா என்னன்னே தெரியாம நான் பந்தி பாக்கணும்."

எனக்கும் அங்கே ஒருத்தி இருக்கிறாள் என்று சொல்லிவிட்டு நானும் அழுதேன். ஆர்டர் கொடுக்க வந்தவர் டிசைனருக்குத் தண்ணீர் கொடுத்துத் தேற்றியது எங்கள் கடையில் அதுவே முதல்முறை.

அக்காவிடம் கம்பெனியின் விசிட்டிங் கார்டு இருந்தது. பலமுறை அடித்துப் பார்த்தாராம். எடுத்தவர் வங்காள மொழியில் ஏதோ பேசிவிட்டு வைத்துவிட்டாராம். அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. நெட்தானே இல்லை, போன் இருக்கிறது. ஃபர்கானா எனக்கு நம்ம ஆளின் சின்னப் படங்களைப் பார்சலில் அனுப்பியிருந்தாள். அந்தக் கவரில் அவள் வீட்டு நம்பர் உண்டு. ஆறு நாளாக அழுதேனே தவிர பீரோவைத் திறக்க வேண்டும் என்று தோன்றவில்லை.

உடனே வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, பீரோ இரண்டாவது தட்டில் இருக்கும் கவரை எடுக்கச் சொன்னேன். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. "மகேசு, என் கல்யாண வேட்டிக்குள்ள இந்தாளு எதுக்கு இருக்காரு?" என்றார். பிறகு விளக்குகிறேன் என்று சொல்லி நம்பரை மட்டும் வாங்கினேன். (இன்னும் விளக்கவில்லை.)

பதினோராவது முயற்சியில் லைன் கிடைத்தது. எடுத்தது அவள் அம்மா. நான் "ஃபர்கானா, ஃபர்கானா" என்பதைத் தவிர ஒன்றும் சொல்லவில்லை. அந்த அம்மாவுக்கு அதுவே போதுமாக இருந்தது. மூன்று வருடப் பழக்கத்தில் முதல்முறையாக அவள் குரலைக் கேட்டேன். நல்லா இருக்கிறாள். தம்பியும் காலில் ஒரு கட்டோடு வீட்டுக்கு வந்துவிட்டான். இரண்டு பேரும் ஒரு நிமிடம் அழுதோம். பிறகு கம்பெனி நம்பரைச் சொல்லி, மணிகண்டன் என்று ஒருவரைத் தேடவேண்டும் என்றேன். யார் என்று கேட்டாள். என் தம்பி என்று சொல்லிவிட்டேன்.

அக்காவைத் தைரியம் சொல்லி அனுப்பிவிட்டு டிசைனில் உட்கார்ந்தேன். கண் ஸ்கிரீனில், காது போனில், மனசு டாக்காவில். மணியின் தலையை நம்ம ஆளின் மேல் வைத்தேன். கழுத்துப்பட்டி சரியாக உட்காரவில்லை. வைத்த தலையைக் கொஞ்ச நேரத்துக்கு மறைத்துவிட்டுக் கழுத்தைச் சரிசெய்துகொண்டிருந்தபோது போன் அடித்தது.

ஃபர்கானாதான். ஆள் கிடைத்துவிட்டார். கம்பெனி விடுதியிலேயே வேறு சில தமிழ் ஆட்களோடு பத்திரமாக இருக்கிறார். போனில் காசு தீர்ந்துவிட்டது, ரீசார்ஜ் பண்ணக் கடை எதுவும் இல்லை, அவ்வளவுதான். கம்பெனியில் போனை எடுத்த வாட்ச்மேன் இவளிடம் வங்காள மொழியில் பேசியதால் விவரம் தெரிந்திருக்கிறது.

நான் எழுந்து நின்று கத்தினேன். கத்தியபடியே சேவ் பண்ணி, பிரிண்டுக்கு அனுப்பி, தெருவுக்கு ஓடி அக்காவுக்குப் போன் போட்டேன். தலையைத் திரும்ப வைக்க வேண்டும் என்பது ஞாபகத்திலேயே இல்லை. பிரிண்ட் வந்ததைப் பார்த்த முதலாளி அண்ணனாவது கேட்டிருக்கலாம். "வெளிநாட்டுல இருக்கற ஆளு, அந்த ஊருத் தண்ணிக்கு அப்புடி ஆயிட்டாரு போலன்னு நெனச்சேன்மா" என்றார் பிற்பாடு.

மறுநாள் காலை பட்டுச்சேலை கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். ஒரு குடும்பத்துக்கு நல்ல சேதி சொன்னவள் அல்லவா, நடையிலேயே ஒரு மிதப்பு. கோயில் வாசலில் கூட்டமாக நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் பார்த்தேன்.

'தாய்மாமன் ச. மணிகண்டன்' என்ற எழுத்துக்கு மேலே, எட்டு அடி உயரத்தில், ஊதா முடியும் ஒற்றைக் கடுக்கனுமாக நம்ம ஆள் என்னைப் பார்த்துச் சிரித்தார். என் வாழ்நாளில் அவரைப் பார்த்து நான் பயந்தது அன்றுதான்.

"மணிப்பய இம்புட்டுச் செவப்பாயிட்டானே" என்றார் ஒரு பெரியவர். மாமனுக்கும் சேர்த்து முன்கூட்டியே காது குத்திவிட்டார்கள் போலிருக்கிறது என்றார் இன்னொருவர். அங்கிட்டும் இங்கிட்டும் சிரிப்பு. நான் கம்பத்துக்குப் பின்னால் ஒளியப் பார்த்தேன். அதற்குள் சரோஜா அக்கா என் கையைப் பிடித்துப் பொங்கல் பானைகளுக்கு அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார்.

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் கோபமே இல்லை, ரத்தமும் இல்லை.

"மகேசு, பொய் சொல்லாத. என் தம்பி படத்த எதுக்கு எடுத்தீங்க? நான் விசேசத்த முடிக்கட்டும்னு மறைக்கிறீங்களா? நேத்து நல்லா இருக்கான்னு சொன்னதும் அதுக்குத்தானா?"

கம்ப்யூட்டரில் ஒருவர் தலைக்கு அடியில் இன்னொருவர் இருப்பார் என்று விளக்க ஆரம்பித்தேன். அந்த நேரத்தில் சொல்லக்கூடிய விளக்கமா அது? அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார். தம்பி குரலைக் கேட்காமல் பிள்ளைக்குக் காது குத்த விடமாட்டேன் என்றார். ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். நல்ல நேரம் முடிய அரைமணி இருந்தது.

மறுபடியும் ஃபர்கானாவுக்கு அடித்தேன். இருக்கிற ஆங்கிலத்தையெல்லாம் கொட்டினேன். அவளுக்கு என்ன புரிந்ததோ, "ஐந்து நிமிடம்" என்றாள். அம்மாவின் போனில் கம்பெனிக்கு அடித்து, வாட்ச்மேனை ஓடவிட்டு, மணியைக் கூட்டிவரச் செய்து, ஒரு போனை இன்னொரு போனோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டாள். இங்கே மைக் செட்காரர் என் போன் பக்கத்தில் மைக்கை நீட்டினார். கோயில் ஒலிபெருக்கியில் கரகரவென்று சத்தம் வந்தது.

"அக்கா? நான் மணி பேசுறேன். நல்லா இருக்கேன்க்கா. பாப்பாவ யாரு மடியில வச்சிருக்கீங்க?"

அக்கா மைக்கைப் பிடித்துக்கொண்டு தேம்பினார். அவர் அழ, பங்காளிகள் அழ, ஊதா முடியைக் கிண்டல் பண்ணிய பெரியவரும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சித்தப்பா மகன் ஒருவர் மடியில் பிள்ளையை உட்கார வைத்தார்கள். டாக்காவிலிருந்து மாமன் "அழாதடா தங்கம்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஆசாரி இரண்டு காதையும் குத்தி முடித்தார்.

எல்லாம் முடிந்ததும் மணி கேட்டார்: "பேனர்ல என் போட்டோ எப்புடிக்கா வந்துருக்கு?"

அக்கா நிமிர்ந்து ஃப்ளெக்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மூக்கைச் சிந்திக்கொண்டார்.

"ஒன்னவிட நல்லா வந்துருக்குடா" என்றார்.

அப்போது எழுந்த சிரிப்பு டாக்காவுக்கும் கேட்டிருக்கும். ஃபர்கானாவும் சிரித்தாள், காரணம் தெரியாமலே.

அன்று நான் பட்ட வெட்கத்துக்கு அளவில்லை. ஆனால் வீடு திரும்பும்போது எனக்கிருந்த பெருமையையும் மறைக்க விரும்பவில்லை. தூதரகம் இல்லை, அரசாங்கம் இல்லை. ஒரு பாடகரை விழுந்து விழுந்து ரசிக்கும் இரண்டு பைத்தியங்கள் சேர்ந்து ஒரு மாமனைக் கண்டுபிடித்தோம். ரசத்தை ஒதுக்கியதைக் கேலி பண்ணிய வீட்டுக்காரர், அன்றைக்குப் பிறகு ஃபர்கானா சாப்பிட்டாளா என்று கேட்டுவிட்டுத்தான் தட்டில் கை வைக்கிறார்.

மணி நாலைந்து மாதம் கழித்து ஊர் வந்து சேர்ந்தார். பஸ்ஸை விட்டு இறங்கியதுமே "என்ன மாப்ள, சாயம் போயிருச்சா?" என்று கேட்டார்களாம். இன்றுவரை கீரமங்கலத்துச் சந்தையில் மெக்கானிக் மணி என்றால் யாருக்கும் தெரியாது, கொரியா மணி என்றால்தான் தெரியும்.

போன மாதம் சரோஜா அக்கா இரண்டாவது பிள்ளைக்குக் காதுகுத்து என்று கடைக்கு வந்தார். இந்த முறை தம்பி நேரில் இருக்கிறான், அவன் படத்தை வேட்டி சட்டையோடு அப்படியே போடு, தலையைத் தொடாதே என்றார். சரி என்றேன். வாசல் வரை போனவர் திரும்பி வந்தார்.

"மகேசு, அந்த ஊதா முடித் தம்பியையும் ஓரமா நிக்க வையி. நம்ம வீட்டு விசேசத்துக்கு மொத ஆளா வந்து நின்னவரு. அப்பறம் அந்தப் பொண்ணு பேரும் வரணும்."

அவர் சொன்னபடியே செய்தேன். சித்திமார் பெயர்கள் வரிசையில், கறம்பக்குடி வள்ளிக்கும் அறந்தாங்கி மீனாவுக்கும் நடுவில், டாக்கா ஃபர்கானா என்று எழுத்துப் பிழையில்லாமல் போட்டேன். பிரிண்டுக்கு அனுப்பும் முன் ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணிப் பார்த்தேன். எல்லாரும் இருந்தார்கள்.