கனல்நாட்டு எதிர்க்கட்சி

கனல்நாட்டில் ஜனநாயகத்துக்கு ஒரு குறையும் இல்லை. மன்னரை எதிர்த்து நிற்க யாருக்கும் துணிவில்லாததால், தேர்தலுக்குத் தேர்தல் ஊருக்குப் பின்னால் இருந்த எரிமலையையே எதிர் வேட்பாளராக நிறுத்திவந்தார்கள். மன்னருக்கு வெள்ளைக் கல், மலைக்குக் கறுப்புக் கல். வாயைத் திறக்காத எதிர்க்கட்சி எத்தனை பேருக்கு வாய்க்கும்?

ஒருநாள் அது வாயைத் திறந்தது. ஊர்ச்சனம் ஓடித் தப்பித்தது. வயல்கள் சாம்பலுக்கு அடியில் போயின. செவந்தியின் கொள்ளுக்காடும் போனது. அவளுக்கு மிஞ்சியவை இரண்டு ஆடுகள்.

மழை பெய்தது. காட்டைப் பார்க்கப் போன செவந்தி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சாம்பலைப் பிளந்துகொண்டு புல் எட்டிப் பார்த்தது. நடுநடுவே கொள்ளும் முளைத்திருந்தது. இந்த வருஷம் பிழைத்துக்கொள்ளலாம் என்று நினைத்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாளே பசுமை மீட்பு அமைச்சர் ஆடலரசு குடையோடு வந்து இறங்கினார்.

"இதை யார் முளைக்கச் சொன்னது?"

"தானா முளைச்சதுங்க ஐயா."

"தானாகவா? மீட்புப் பணியை மன்னர் இன்னும் தொடங்கிவைக்கவே இல்லையே! விழாவுக்கு முன்னால் முளைப்பது அரச நிந்தனை, அம்மா."

வீரர்கள் எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கிவிட்டு, அரண்மனைத் தோட்டத்து ரோஜாச் செடிகளை நட்டார்கள். அவை ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. உடனே அடுத்த ஆணை வந்தது: சாம்பலுக்குப் பச்சைச் சாயம் அடிக்க வேண்டும். சாயத்தை நக்கிய ஆடு ஒன்று வயிறு உப்பிச் செத்தது. அமைச்சர் நேரில் விசாரித்து, பசுமையை மேய்ந்த குற்றத்துக்காக மிச்சமிருந்த ஆட்டைக் கட்டிப்போடச் சொன்னார்.

விழாவுக்கு வந்த மன்னர் பச்சைச் சரிவைப் பார்த்துக் கண்கலங்கினார். "அழித்தது யார், மீட்டது யார் என்று மக்களே சொல்லட்டும். நாளையே தேர்தலை வையுங்கள்!"

வரிசையில் நின்ற செவந்தியின் கையில் கறுப்புக் கல்லைப் பார்த்த பக்கத்துக் காட்டு மாரப்பன் பதறினான். "ஏக்கா, நம்ம காட்டை எரிச்சதே அந்த மலைதானே?"

"எரிச்சுதுதான், இல்லேங்கல. ஆனா எரிச்சுட்டுப் பேசாம இருந்துச்சு. முளைக்கறத அது புடுங்கல."

மாரப்பன் தன் வெள்ளைக் கல்லைக் கீழே போட்டுவிட்டுக் கறுப்புக் கல்லைத் தேடினான்.

எரிமலை வென்றது. பதவியேற்புக்கு வரவில்லை, ஆணை எதுவும் போடவில்லை. மழையில் சாயம் கரைந்தது. முளைக்காமல் மண்ணுக்குள் கிடந்ததால் பிடுங்கலுக்குத் தப்பிய கொள்ளு தலைகாட்டியது.

மறுபடியும் குடை வந்தது. "மாண்புமிகு எரிமலை அவர்களின் ஆட்சியில் இது முளைத்திருக்கிறது. முறைப்படி திறந்துவைக்கும்வரை யாரும் தொடக்கூடாது," என்றார் ஆடலரசு.

மலை லேசாகப் புகைந்தது. அமைச்சர் குடையைக்கூட எடுக்காமல் ஓடினார். செவந்தி போய் ஆட்டை அவிழ்த்துவிட்டாள்.