குட்டி லேப்டாப் வந்த வீடு

வாங்கினால் அந்த லேப்டாப், இல்லையென்றால் ஆபீஸ் கொடுத்த கருப்புப் பெட்டியே போதும் என்று நான் முடிவெடுத்துப் பல வருஷம் ஆகிறது. நடுவில் வேறு எதற்கும் இடமில்லை. ரெமிஜியஸ் ஒன்று சொன்னால் சொன்னதுதான் என்று பெங்களூரில் எங்கள் பிரேசர் டவுன் முழுக்கத் தெரியும். என் மனைவி லீனாவுக்கு மட்டும் இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை.

அந்த லேப்டாப் கம்பெனியின் பெயரைச் சொல்ல மாட்டேன். விலை உயர்ந்த கம்ப்யூட்டர் மட்டுமே செய்கிற கம்பெனி. அவர்களுடைய கடை, வைட்ஃபீல்டில் என் ஆபீசுக்குப் பக்கத்து மாலில் இருக்கிறது. சம்பளம் வந்த அன்றைக்குச் சாயங்காலம் நேராக அங்கேதான் போவேன். வெளிர் நிற மர மேஜையின் மேல் அது மூடியபடி இருக்கும். வெள்ளி நிறம். ஒற்றை விரலால் தொட்டுத் தூக்கினால், அடிப்பாகம் அசையாது, மூடி மட்டும் எழுந்து வரும். நமக்காக யாரோ தூக்கத்திலிருந்து கண் திறப்பது போல இருக்கும். உள்ளங்கையை வைத்தால் சில்லென்று இருக்கும். வைத்த கையை எடுக்க மனசு வராமல் அப்படியே நிற்பேன். முதலில் எல்லாம் கடைக்காரர்கள், "என்ன பாக்கறீங்க சார்?" என்று கேட்டார்கள். பிறகு கேட்பதை விட்டுவிட்டார்கள். இப்போது நான் போனால் மேஜையைச் சுற்றித் துடைத்துவிட்டுப் போகிறார்கள், நானும் கடைச் சாமான் என்று.

மடிக்கணினி என்று தமிழில் அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். என் மடியில் இருந்தது மடியப் போகிற கணினி. ஆன் செய்தால் மாவு மில் ஓடுகிற சத்தம். கோப்பு ஒன்றைத் திறக்கச் சொல்லிவிட்டுக் குளித்துவிட்டு வரலாம்.

ஒருநாள் லீனா கேட்டாள்.

"அத வாங்கி என்னா பண்ணுவீங்க?"

"தொறப்பேன்."

"அப்புறம்?"

"மூடுவேன்."

"அதுக்கு நம்ம பீரோவே இருக்குதே."

ஆசைக்குக் காரணம் கேட்கிறவர்களிடம் என்ன பேசுவது? லீனா கோலார் தங்கவயலில் மாரிகுப்பம் பக்கத்துப் பெண். சுரங்கம் மூடிய பிறகு அவள் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்துக்குப் போய்விட்டார்கள். அங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தமிழ் வரவில்லை. லீனா ஒவ்வொரு சனிக்கிழமையும் செல்போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து அவர்களுக்கு வீடியோவில் தமிழ் சொல்லிக் கொடுப்பாள். போன் சரிந்துவிடும். பிள்ளைகளுக்குப் பாதி நேரம் எங்கள் சமையலறைக் கூரைதான் தெரியும். அதற்காக அவள் ஒருநாளும் எதையும் கேட்டதில்லை. கேட்காதவர்களுக்கு ஆசை இருக்காது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்படியிருக்கும்போதுதான் அந்தச் செய்தி வந்தது. காலையில் ஆபீஸ் பஸ்சில் பக்கத்து சீட்டுக்காரர் போனை நீட்டிக் காட்டினார். என் கனவு லேப்டாப் கம்பெனி சின்னதாக, விலை குறைவாக ஒரு லேப்டாப் கொண்டு வந்திருக்கிறதாம். பஸ்சே சந்தோஷப்பட்டது. நான் மட்டும் போனை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். இத்தனை வருஷம் தூரத்தில் நின்று பார்த்த பெண் காய்கறி மார்க்கெட்டில் பை பிடித்து நிற்பதைப் பார்த்த மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்து லீனாவிடம் சொன்னேன்.

"பெரிய கம்பெனி, இத்தனை வருசம் கவுரவமா இருந்துட்டு, இப்ப சின்னதா ஒண்ணு வெச்சிருக்காங்களா?" என்றாள். "ஆம்பளைங்கதானே நடத்துறாங்க."

"விளையாடாத லீனா. பெரிய கம்பெனின்னா பெருசாவே இருக்கணும். எல்லாராலும் வாங்க முடியும்னா அதுல என்னா இருக்குது?"

"வாங்க முடியறது இருக்குது."

"அப்போ நான் இத்தனை வருசம் ஏங்கினது?"

"அதுலயும் குட்டியா ஒண்ணு ஏங்கிக்குங்க. சாப்பிட வாங்க."

மனம் ஆறாமல் கீழே இறங்கினேன். கீழ்வீட்டு டேரில் பேக்கரி வைத்திருக்கிறவன். கிறிஸ்மஸ் வந்தால் அவனுடைய ப்ளம் கேக்குக்குத் தெருமுனை வரை வரிசை நிற்கும். வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவனிடம் முறையிட்டேன்.

"ரெமி, சும்னே பேஜார் பண்ணிக்காத, வீணா மனச ஒடச்சிக்காத," என்றான். "நானும் முதல்ல முழு கேக்தான் விப்பேன்னு நின்னேன். அப்புறம் ஸ்லைஸ் போட்டேன். ஸ்லைஸ் வாங்கினவன் சும்மா இருப்பானா? நாக்குல பட்டுடுச்சே. மறுபடி வந்து முழுசா வாங்கிட்டுப் போறான். உன் கம்பெனிக்காரன் ஒண்ணும் முட்டாள் இல்ல."

அப்போதுதான் என் மூளையில் விளக்கு எரிந்தது. அது அடிக்கடி எரிகிற விளக்கு இல்லை என்பதால் நானே கொஞ்சம் பயந்துபோனேன்.

பெரியதை வாங்கலாம் என்றால் லீனா ஒத்துக்கொள்ள மாட்டாள். சின்னதுக்கு ஒத்துக்கொள்வாள். பிடிக்கவில்லை என்றால் மாசம் முடிவதற்குள் கொண்டு வந்து வேறு மாடலாக மாற்றிக்கொள்ளலாம் என்று கடையில் போர்டே மாட்டியிருக்கிறார்கள். சின்னதை வாங்க வேண்டியது. வந்த நாள் முதல் குறை சொல்ல வேண்டியது. என் வேதனையைப் பார்க்கச் சகிக்காமல் லீனாவே, "போதும், போய்ப் பெருசா மாத்திட்டு வாங்க," என்பாள். ஸ்லைஸ் வழியாக முழு கேக். டேரிலிடம் மட்டும் ரகசியமாகச் சொல்லிவிட்டு மாடி ஏறினேன்.

மறுநாளே ஆரம்பித்தேன்.

"அந்தக் குட்டி லேப்டாப் வாங்கலாமா லீனா?"

"நீங்கதானே கவுரவம் போச்சுன்னீங்க?"

"உனக்காகத்தான் சொல்றேன். உன் கிளாசுக்கும் ஆவும்ல."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு வகுப்பு எடுத்துச் சேர்த்து வைத்திருந்த தன் காசையும் எடுத்துக்கொண்டு என்னோடு கடைக்கு வந்தாள். கடைக்காரர் என் விரல் ரேகையைப் பதிந்து கொடுத்தார். நான் விரல் வைத்தால்தான் இனி அது திறக்கும். வெளியே வரும்போது மேஜை மேலிருந்த பெரியதைத் திரும்பிப் பார்த்தேன். கொஞ்சம் பொறுத்துக்கொள் என்று மனசுக்குள் சொன்னேன்.

வீட்டில் குறை சொல்லும் படலம் தொடங்கியது.

"ஸ்க்ரீன் ரொம்பச் சின்னது லீனா. எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊருது."

"அய்யோ பாவம்," என்றாள். அன்று சாயங்காலமே பக்கத்தில், மசூதி இருக்கிற மாஸ்க் ரோட்டில் மூக்குக்கண்ணாடிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். எனக்கு வெள்ளெழுத்து என்று தெரிந்தது. கண்ணாடி போட்டதும் எறும்பெல்லாம் எழுத்தாகிவிட்டது. ஒரு குறை போச்சு.

"ஒயர் சொருக ரெண்டே ஓட்டைதான் வெச்சிருக்கான்."

"மூக்குக்கும் ரெண்டுதான். நாம மூச்சு விடலையா?"

"மடியில வெச்சா சுடுது."

அவள் வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "சில்லுனுதானே இருக்குது? உங்களுக்குத்தான் ஒடம்பு சூடு. மோர் குடிங்க." மோர் கொடுத்தாள். லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

நான் விட்டுக் கொடுக்கவில்லை. காபி குடிக்கும்போது குறை சொன்னேன், பூசைக்குப் போகும் வழியில் குறை சொன்னேன். ஒவ்வொரு முறையும் லீனா, "கஷ்டப்பட்டுக்கிட்டு அத ஏன் புடிச்சிட்டிருக்கீங்க? வெச்சிடுங்க," என்பாள். நான் வைப்பேன். அவள் எடுத்துக்கொள்வாள். திட்டம் நன்றாகத்தான் போகிறது என்று நினைத்தேன்.

சனிக்கிழமை வந்தது. விரல் வைத்துத் திறந்து அவளிடம் கொடுத்துவிட்டு, பேப்பர் படிக்கிற மாதிரி பக்கத்தில் உட்கார்ந்தேன். திரை முழுக்கப் பிள்ளைகள். ஒரு பெண் குழந்தை ஆச்சரியமாக, "மிஸ், உங்களுக்குக் கன்னத்துல குழி இருக்கு," என்றது. இத்தனை மாசமாக அது கூரைக்குத்தான் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

லீனா சிரித்தாள். பிறகு எல்லோரையும், "உங்க தாத்தா ஊரு எது?" என்று கேட்டாள். ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தன. மாரிகுப்பம். சாம்பியன் ரீப். ஊரிகம். அந்தப் பெண் குழந்தைக்கு மாரிகுப்பம் வாயில் நுழையவில்லை. திரும்பத் திரும்பச் சொல்லி, கடைசியில் சரியாக வந்தபோது, அதன் பின்னாலிருந்து ஒரு ஆள் எட்டிப் பார்த்தார். குழந்தையின் அப்பா. "லீனாக்கா, எங்க தெரு இன்னும் அப்படியே இருக்குதா?" என்று கேட்டார். லீனா திரைக்கு இன்னும் கிட்டத்தில் நகர்ந்தாள். பிறகு, "தெரு இருக்குதுப்பா," என்றாள். அவ்வளவுதான். அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். இவளும் தலையாட்டிக்கொண்டே இருந்தாள். அந்தச் சின்னத் திரையில் இருவர் முகமும் அவ்வளவு கிட்டத்தில் இருந்தன.

நான் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

அதற்கப்புறம் எனக்கு என்னமோ ஆகிவிட்டது. ஒரு சாயங்காலம் லீனா கோயில் பாடகர் குழுப் பயிற்சிக்குப் போயிருந்தாள். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, குட்டியை மடியில் எடுத்து வைத்தேன். ஒற்றை விரலால் மூடியைத் தூக்கினேன். அடிப்பாகம் அசையவில்லை. உள்ளங்கையை வைத்தேன். அதே சில்லென்ற தொடுகை. கடையில் நின்றுகொண்டே தொட்டதை, என் வீட்டில், என் மடியில், காலை நீட்டி உட்கார்ந்து தொட்டேன். கனமே இல்லை. யாரும் சுற்றித் துடைக்க வரவில்லை. தமிழில் என் பெயரை அடித்துப் பார்த்தேன். வெளிச்சம் போய் அறை இருட்டிய பிறகும் அந்தப் பெயர் மட்டும் தெரிந்துகொண்டிருந்தது. பெரியதை நினைத்துப் பார்த்தேன். முகமே சரியாக ஞாபகம் வரவில்லை.

இனி மாற்ற வேண்டாம், இதுவே போதும் என்று முடிவெடுத்தேன். ஆனால் இத்தனை நாள் வாய் கிழியக் குறை சொல்லிவிட்டு, எப்படிச் சொல்வது? சரியான சமயம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் மாசக் கடைசி வந்துவிட்டது.

"கெளம்புங்க, கடைக்குப் போவலாம்," என்றாள் லீனா. குட்டி அவள் பைக்குள் இருந்தது.

"என்னாத்துக்கு? நல்லாத்தானே இருக்குது?"

"நீங்க படற பாட்ட என்னால பாக்க முடியல."

நான் போட்ட திட்டம், போட்டபடியே பலித்துவிட்டது. மெட்ரோவில் உட்கார்ந்திருந்தபோது சந்தோஷமும் வரவில்லை, வேண்டாம் என்று சொல்ல வாயும் வரவில்லை. அவள் பையையே பார்த்துக்கொண்டு போனேன்.

கடைக்காரர் என்னைப் பார்த்ததும், "சார், பெருசா மாத்தணுமா?" என்றார். அவருக்குக் கூடத் தெரிந்திருந்தது.

"மாத்தணும்," என்றாள் லீனா. "விரல மாத்தணும். அவரு விரல எடுத்துட்டு என் விரல வெச்சிடுங்க."

"ரெண்டு பேர் விரலும் வெக்கலாம் மேடம்."

"வேணாம். அவருக்கு இது ஒத்துக்கல. கண்ணு வலிக்குது, தொடை சுடுது. உங்க போர்டுல இருக்கிற மாதிரி அவருக்குப் புடிக்கல, எனக்குப் புடிச்சிருக்குது. அதான் ஆள மாத்திக்கறோம்."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் எதைச் சொல்வது? பிடித்திருக்கிறது என்றால் இத்தனை நாள் சொன்னதெல்லாம் பொய்யாகும். பிடிக்கவில்லை என்றால் விரல் போகும். நான் தொண்டையைச் செருமினேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

திரும்பி வரும்போது மெட்ரோவில் மெதுவாகக் கேட்டேன். "எப்போ தெரியும் உனக்கு?"

"முதல் நாளே. டேரில் அண்ணன் பேக்கரியில எல்லாருக்கும் சொல்லிட்டிருந்தாரு, ரெமிக்கு நான்தான் ஸ்லைஸ் ஐடியா குடுத்தேன்னு."

"அப்போ ஏன் ஒண்ணும் சொல்லல?"

"நீங்க ரொம்ப நல்லா குறை சொல்லிட்டிருந்தீங்க. நிறுத்த மனசு வரல." ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு அவளே தொடர்ந்தாள். "எனக்கும் ஆசை இருந்துச்சுங்க. பெருசு விக்கிற கடைக்குள்ள போறதுக்கே கூச்சமா இருந்துச்சு. சின்னதா ஒண்ணு வந்ததாலதான் உள்ள வந்தேன். நீங்க வேற உனக்காகத்தான்னு சொல்லிட்டீங்க. அதுக்கு மேல ஒரு பொம்பளைக்கு என்னா வேணும்?"

அவள் கேலி செய்கிறாளா, உண்மையாகச் சொல்கிறாளா என்று தெரியவில்லை. கன்னத்தில் குழி மட்டும் தெரிந்தது.

இப்போது சம்பள நாளில் நான் மாலுக்குப் போவதில்லை. சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிடுகிறேன். லீனா திறந்து வைத்திருக்கும் சமயம் பார்த்துப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, மூடியின் விளிம்பில் லேசாகக் கை வைத்துக்கொள்வேன். பார்த்தாலும் கையைத் தட்டிவிட மாட்டாள்.

போன சனிக்கிழமை வகுப்பு நடுவில் பேட்டரி இறங்கிவிட்டது. அவள் கேட்பதற்கு முன்னால் நானே ஓடிப்போய் ஒயரைக் கொண்டுவந்து சொருகினேன். அந்தச் சாக்கில் திரையில் என் முகமும் கொஞ்சம் தெரிந்தது.

"மிஸ், அது யாரு?" என்றது மாரிகுப்பத்துக் குழந்தை.

லீனா என்னைத் திரும்பிப் பார்த்தாள். என்ன சொல்லி அறிமுகம் செய்வாள் என்று நான் முடியைக் கையால் சரிசெய்துகொண்டேன்.

"அவர்தான் சார்ஜர் கொண்டு வருவாரு. எல்லாரும் வணக்கம் சொல்லுங்க."

பெர்த் நகரத்துப் பிள்ளைகள் ஒரே குரலில், ஒரு எழுத்துகூடப் பிசகாத சுத்தமான தமிழில் சொன்னார்கள்: "வணக்கம், சார்ஜர் மாமா."