கதாநாயகனின் காது

விதிமுறையை மதித்து நடப்பவனுக்கு இந்த ஊரில் எந்தக் காலத்திலும் மரியாதை கிடைத்ததில்லை. (கிடைத்தது என்று யாராவது சொன்னால், அவர் விதிமுறையைப் படித்திருக்க மாட்டார்.) அரசாங்க அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்தக் கடிதத்துக்கு எத்தனை நகல், எந்த நகல் யாருக்கு என்பதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அப்படிப்பட்டவனைக் குடும்பமே சேர்ந்து இன்றுவரை கேலி செய்கிறது. நடந்ததை எழுதுகிறேன். நான் எந்த விதியை மீறினேன் என்று நீங்களே சொல்லுங்கள்.

அறுபதுகளில் தொலைக்காட்சி சிங்கப்பூருக்கு வந்த புதிது. நான் குவீன்ஸ்டவுன் அடுக்குமாடி வீடொன்றில் அண்ணன் குடும்பத்தோடு இருந்த இளம் குமாஸ்தா. பகலில் கோப்புகளைத் தைப்பேன். மாலையில் வானொலி நாடகம், கோயில் கச்சேரி, சங்கத்து ஆண்டு விழா என்று எதையும் விடாமல் தாக்கித் தமிழ் நாளிதழுக்கு வாசகர் கடிதம் எழுதுவேன். ஒரு நாள் அந்தப் பத்திரிகையின் கலைப் பக்கத்தைப் பார்த்துக்கொண்ட காசிம் அண்ணன் என்னை வரச் சொன்னார். செராங்கூன் சாலைச் சந்து ஒன்றில், மாவு மில்லுக்கு மேல்மாடியில் அலுவலகம்.

"தம்பி, ஊர்ல உள்ள எல்லாத்தையும் திட்டி எழுதிட்டே. டிவி ஒண்ணுதான் பாக்கி."

"திட்டு இல்லண்ணே. விமர்சனம்."

"ரெண்டும் ஒரே நீளந்தான் லா. வெள்ளிக்கிழமை தமிழ் நாடகம் போடுறாங்க. பாத்து எழுதிக் குடு. நல்லா வந்துச்சுன்னா வாரா வாரம் ஒரு பத்தி உனக்கு. பேர் போட்டு."

பேர் போட்டு! வாசகர் கடிதத்துக்கு அடியில் ஊர்ப் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பேர் இல்லை. தலைப்புக்குக் கீழே, தடித்த எழுத்தில். அந்த வாரம் முழுவதும் அலுவலகத்தில் யாரிடமும் நான் சாதாரணமாகப் பேசவில்லை.

ஒரே ஒரு சிக்கல். என்னிடம் டிவி இல்லை. சமூக நிலையத்தில் ஒன்று இருந்தது; அதையும் கூட்டத்துக்குப் பின்னால் நின்று, தலைகளுக்கு மேலே எட்டித்தான் பார்த்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை அங்கே போனால் வேறு அலைவரிசையில் மல்யுத்தம். நாடகத்தை வைக்கச் சொல்லி, நான் பத்திரிகைக்காரன் என்பதையும் தெரிவித்தேன்.

முன்வரிசையில் இருந்த துறைமுகத் தொழிலாளி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அதான் நீ பேப்பர்ல எழுதப் போறேல்ல, நாங்க படிச்சுக்குறோம். இப்பத் தள்ளு, மறைக்காதே."

வேறு வழியில்லாமல் திரும்பினேன். எங்கள் மாடியிலேயே டிவி வாங்கியிருந்தவர் ஞானமணி வாத்தியார் ஒருவர்தான். ஆனால் அன்றைய நாடகத்தை எழுதியவரே அவர்தான். இங்கேதான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். விமர்சகன் ஒருவன் நாடகாசிரியரின் வீட்டுக்குள் உட்கார்ந்து நாடகம் பார்த்தால், அந்த விமர்சனத்துக்கு என்ன மதிப்பு? எனவே வாசலைத் தாண்டாமல், ஜன்னலுக்கு வெளியே காரிடாரில் நின்றேன். வீட்டுக்குள் சொந்தக்காரர்கள் பாய் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். வாத்தியாரின் மகள் கமலா வெளியே வந்தாள். அப்போது ஆசிரியர் பயிற்சியில் இருந்தாள்.

"அப்பா உள்ள வரச் சொன்னாங்க. காப்பி ஆறுது."

"மன்னிக்கணும். நான் விமர்சனம் எழுத வந்திருக்கேன். காப்பி குடிச்சா நடுநிலை போயிடும்."

"காப்பி வேணாம்னா விடுங்க. பாயில உக்காந்து பாருங்க."

"பாயும் உபசாரந்தான்."

"ஜன்னல் மட்டும்? அதுவும் எங்களுதுதானே."

"நான் நிக்கிற காரிடார் அரசாங்கத்தோடது."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்தப் பார்வையில் மரியாதை இருந்ததாக அன்று நினைத்தேன்.

நாடகம் தொடங்கியது. டிவியை அவ்வளவு கிட்டத்தில் பார்ப்பது எனக்கு அதுவே முதல் தடவை. சமூக நிலையத்துப் பெட்டியைவிடத் திரை ஒடுக்கமாக, நெட்டுக்குத்தலாக இருந்தது. திரையின் வலது ஓரத்தில் மினுமினுப்பான தேக்குப் பலகை. தவணையில் வாங்கினால் இப்படித்தான் கொடுப்பார்கள் போலும் என்று எண்ணிக்கொண்டேன்.

ஆனால் நாடகமா அது! மருமகள் இடப்பக்கத்திலிருந்து வருகிறாள், வெற்றிடத்தைப் பார்த்து "மாமா" என்று அழுகிறாள். மாமா கணீரென்று பதில் சொல்கிறார், ஆளைக் காணோம். மகன் வருகிறான், வெற்றிடத்தோடு சண்டை போடுகிறான். காப்பி டம்ளர் நிறைந்து போகிறது, காலியாகத் திரும்பி வருகிறது. கதாநாயகனே அந்தத் தந்தைதான். கடைசிவரை அவர் வரவேயில்லை. உள்ளே பாயில் இருந்தவர்கள் மூக்கை உறிஞ்சி அழுதார்கள். சொந்தக்காரர்கள் அழத்தான் செய்வார்கள் என்று குறித்துக்கொண்டேன்.

அன்றிரவே ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதி முடித்தேன். அதில் ஒரு பகுதி எனக்கு இன்றும் மனப்பாடம்: "இவர்களுக்கு வானொலிப் புத்தி இன்னும் போகவில்லை. கதாநாயகனைக் குரலாக மட்டும் அனுப்பிவைக்க இது வானொலி அல்ல ஐயா, தொலைக்காட்சி! நடிகருக்குச் சம்பளம் மிச்சம் பிடித்தார்களா? போதாக்குறைக்கு, உச்சக்கட்டத்தில் யாரோ ஓர் ஊழியரின் காது திரைக்குள் எட்டிப் பார்க்கிறது. அந்தக் காதை அப்புறப்படுத்த நிலையத்தில் ஆளே இல்லையா?"

காசிம் அண்ணன் படித்துவிட்டுத் தொடையில் தட்டினார். அப்படியே அச்சுக்கு அனுப்பினார். அவரும் நாடகத்தைப் பார்க்கவில்லை. (அதைப் பற்றி எந்தக் குடும்பத்திலும் கேலி கிடையாது.)

திங்கட்கிழமை விமர்சனம் வெளியானது. தலைப்புக்குக் கீழே தடித்த எழுத்தில் என் பேர். மாலையில், பத்தியைப் பற்றிப் பேசி முடிக்கலாம் என்று புதுச் சட்டை போட்டுக்கொண்டு பத்திரிகை அலுவலகம் போனேன். காசிம் அண்ணன் எதிரில் கமலா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில், நாற்காலிக்குள் அடங்காத உடம்போடு ஒரு பெரியவர். என்னைக் கண்டதும் எழுந்தார்; விளக்கு வெளிச்சத்துக்கு வந்து தலையைப் பக்கவாட்டில் திருப்பினார்.

"தம்பி, இந்தக் காது யாரோடது?"

குரல் கேட்டதுமே யாரென்று தெரிந்துவிட்டது. கணீரென்ற அதே குரல்.

"பக்கவாதம் வந்த ஆளா நடிக்கணும்னு ஒரே நாற்காலில அசையாம உக்காந்திருந்தேன். பேரப்புள்ளைங்க பள்ளிக்கூடத்துல சொல்லி வச்சிருந்துச்சுங்க. இன்னைக்கு அதுங்ககிட்ட கேக்குறாங்களாம், உங்க தாத்தா நடிக்க வந்தாரா, காதை மட்டும் குடுத்தனுப்பினாரான்னு."

"நீ எங்கேருந்துடா பாத்தே?" என்றார் காசிம் அண்ணன்.

"காரிடார்லேருந்துண்ணே. முழுசாப் பாத்தேன்."

"எங்க டிவிப் பெட்டிக்கு ரெண்டு பக்கமும் கதவு இருக்கு," என்றாள் கமலா. "இவரு நின்ன பக்கத்துக் கதவு திறந்து நின்னு பாதித் திரைய மறைச்சிருக்கு. நாற்காலி அந்தப் பக்கந்தான்."

பெரியவர் சிரிக்கத் தொடங்கினார். அவர் என்னை அறைந்திருந்தால் எனக்கு இவ்வளவு அவமானமாக இருந்திருக்காது.

திருத்தம் வெளியிட்டே ஆக வேண்டும் என்றார் காசிம் அண்ணன். அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வெளியிடுவதுதான் முறை என்று எடுத்துச் சொன்னவன் நான்தான். மறுநாள் வந்தது: "நேற்றைய விமர்சனத்தில் குறிப்பிடப்பட்ட காது கதாநாயகனுடையது. தவற்றுக்கு வருந்துகிறோம்." ஊரே அதை வெட்டி வைத்துக்கொண்டது.

என் பத்தி? கமலாவுக்குப் போனது. "அந்தப் பொண்ணு உள்ள உக்காந்து பாத்திருக்கு லா," என்றார் காசிம் அண்ணன், அதுதான் தகுதி என்பதுபோல. நாடகாசிரியரின் சொந்த மகள்! அவள் வீட்டுப் பாய், அவள் வீட்டுக் காப்பி! அந்த நியமனத்தை எதிர்த்து நான் அனுப்பிய கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை. அவள் பல ஆண்டுகள் எழுதினாள். முதல் வாரமே அப்பாவின் அடுத்த நாடகத்தைக் கிழித்துத் தோரணம் கட்டினாள். அந்தக் கோபத்தில் வாத்தியார் அவளோடு பேசாமல் இருந்த நாட்களில்தான் நாங்கள் பேச ஆரம்பித்தோம். கல்யாணம் வரை போனது. அதிலும் எந்த விதிமீறலும் இல்லை.

போன மாதம் எனக்குக் கண்புரை அறுவை நடந்தது. கட்டைப் பிரித்ததும் தமிழ் டாக்டரம்மா விரல்களை விரித்துக் காட்டி, "ஐயா, முழுசாத் தெரியுதா?" என்று கேட்டார். சுற்றி நின்ற மகனும் மருமகளும் பேரன்களும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். டாக்டரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் விளக்க வாயெடுப்பதற்குள் கமலா முந்திக்கொண்டாள்.

"இவருக்குப் பாதி தெரிஞ்சாப் போதும் டாக்டர். மீதிய இவரே எழுதிக்குவாரு."