மாப்பிள்ளை காருக்கு நான் பெயிண்ட் அடித்த விவரம்

அன்பு மகள் உமாதேவிக்கு,

அனுமந்தன்பட்டியிலிருந்து அப்பன் அம்மாவாசி தன் கைப்பட எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகம். திராட்சைக் கொடிகள் சுகம். மாப்பிள்ளை நம் களத்தில் விட்டுப்போன கார் மட்டும் சுகமில்லை.

இது என் முதல் கடிதம். எழுத எழுதச் சந்தோஷம் தாங்கவில்லை, விஷயம்தான் துக்கம். போனில் சொன்னால் நீ பாதியிலேயே "அப்பா!" என்று கத்துவாய். காகிதத்தைப் பார்த்துக் கத்தினால் எனக்குக் கேட்காது. நிதானமாகப் படி தாயி.

சம்பந்தியம்மா மாயக்காள் வீட்டுச் சந்தில் கார் நுழையாது என்றுதானே மாப்பிள்ளை மஸ்கட் போகும்போது என்னிடம் சாவி கொடுத்தார். ஊரில் யாரையும் நம்பாத மனுசன், வாங்கிய முதல் காரை என்னை நம்பி விட்டார். சம்பந்தியம்மா தினமும் காலையில் வந்து மகனைக் குளிப்பாட்டுவதுபோல் அதைத் துடைப்பாக, போகும்போது நம் மரத்தில் நாலு முருங்கைக்காய் பறித்துக்கொள்வாக. போன வாரம் பார்த்தால் இடது பக்கக் கதவில் மட்டும் திட்டாகச் சேறு. கழுவினேன். அடியில் ஒரு முழ நீளத்துக்குக் கீறல். முந்தின நாள் கொடிக்கு மருந்தடிக்கிற வண்டியை அந்தப் பக்கமாகத்தான் தள்ளிப்போனேன். நான்தான் கீறிவிட்டேன் என்று முடிவு கட்டினேன். மாப்பிள்ளையோ ஞாயிற்றுக்கிழமை இங்கே வருகிறார்.

உடனே தேனிக்கு பஸ் ஏறினேன். பெயிண்ட் கடை ஞானதுரை வெள்ளிக் கலரில் மெட்டாலிக் கலந்து கொடுத்து, "பெரியவரே, ஸ்ப்ரே அடிச்சுப் பழக்கம் உண்டா?" என்று கேட்டார். "நாப்பது வருசமா அடிக்கிறேன்" என்றேன். எதற்கு அடிக்கிறேன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. "இதுக்கு மேல கிளியர் ஒரு கோட்டு அடிக்கணும், அதையும் வாங்கிட்டுப் போங்க" என்றார். மருந்துக் கடையிலும் இப்படித்தானே, ஒன்று வாங்கினால் கூடவே ஒரு டானிக்கைத் தலையில் கட்டுவான். நான் ஏமாறுவேனா? வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

பஞ்சர் கடை பேச்சிமுத்துவிடம் காற்று மிசினை இரவல் வாங்கி, கதவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கொடிக்கு அடிக்கிற மாதிரியே நுனியில் சொட்டுகிற வரைக்கும் நனைய நனைய அடித்தேன். மருந்து இலையில் நிற்க ஒட்டுப் பசை ஒரு மூடி ஊற்றுவோமே, அதையும் ஊற்றினேன். அம்புட்டுத்தான். கதவெல்லாம் அம்மை போட்ட மாதிரி குழி குழியாக, வெள்ளி கண்ணீராக ஒழுகிச் சக்கரத்தில் சொட்டுகிறது. பின்னால் மேய்ந்த வெடக்கோழியும் வெள்ளியாகிவிட்டது. உன் அம்மா வந்து பார்த்தாள். "ஏங்க, கோழிக்கு மட்டும் நல்லா வந்திருக்கு" என்றாள்.

சுரண்டிவிட்டு மறுபடி அடித்தேன். கிட்ட நின்று அடித்த இடம் கறுப்பு, எட்ட நின்று அடித்த இடம் வெளுப்பு. கதவு வரிப்புலி ஆனது. மறுபடி சுரண்டல். மூன்றாம் தடவை மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரே தூரத்தில் கையை ஓட்டி, மெல்லிசாக மூணு நடை அடித்தேன். சமமாக விழுந்தது. சாமியைக் கும்பிட்டுவிட்டுக் காய்கிற வரை உட்கார்ந்திருந்தேன். காய்ந்தது பார் ஆத்தா, அடுப்புச் சாம்பல் பூசின மாதிரி! மற்ற கதவெல்லாம் வெயிலில் மினுங்குகிறது, இது மட்டும் செத்துக் கிடக்கிறது. மனசு கேட்காமல் தேங்காய் எண்ணெய் தடவினேன். மினுங்கியது. பத்து நிமிசத்தில் களத்துத் தூசி முழுக்க அதில்தான் இருந்தது.

உத்தமபாளையம் பெயிண்டர் செல்வினைக் கூட்டிவந்தேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "ஐயா, கடைசியா அடிச்சது அருமையா விழுந்திருக்கு. இது காஞ்சா மங்கலாத்தான் இருக்கும், மேல கிளியர் அடிச்சாத்தான் மினுங்கும். எண்ணெய் எதுக்குத் தடவுனீக? இனி மொத்தத்தையும் சுரண்டணும்" என்றார். அன்றைக்கே அடித்துத் தரச்சொல்லிக் கேட்டேன். அவருக்குத் திங்கட்கிழமைதான் ஒழிகிறதாம்.

ஆகவே தாயி, மாப்பிள்ளையை எப்படியாவது இரண்டு நாள் கோயம்புத்தூரில் உன் வீட்டிலேயே நிறுத்தி வை. பல்வலி என்று சொல். கீறியது நான் என்று அவரிடம் நானே பிறகு சொல்லிக்கொள்கிறேன். சம்பந்தியம்மாவுக்கு மட்டும் தெரியவே கூடாது. தெரிந்தால் நான் அந்தத் தெருவில் நடக்க முடியாது.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல், வண்டியில் ஒரு கீறலும் இல்லாமல், நூறு வயசு இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
அப்பன்
அம்மாவாசி
(கையெழுத்து. கைநாட்டு இல்லை, நன்றாகப் பார்.)

பின்குறிப்பு: தபாலில் போடுவதற்கு முன்னால் பிழை பார்க்க, எங்கள் முதியோர் வகுப்பு மகிமா டீச்சரிடம் கொடுத்தேன். நன்றாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டு, வாசிப்புப் பயிற்சிக்காக முன் வரிசையில் இருந்த ஆளிடம் கொடுத்துவிட்டாக. முன் வரிசையில் இருந்தது சம்பந்தியம்மா. எழுத்துக் கூட்டிக் கூட்டிக் கடைசி வரை சத்தமாக வாசித்தாக. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வகுப்பு முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, அந்தக் கீறல் நான் போட்டது. முருங்கைக்காய் பறிக்கையில தொரட்டி சரிஞ்சு விழுந்துருச்சு. நாந்தான் சேத்தை அப்பி வச்சேன்" என்றாக. எனக்கு உயிர் வந்தது. "அப்ப மாப்பிள்ளைகிட்ட நீங்களே சொல்லிருங்க" என்றேன். "அது எப்படிண்ணே? நீங்கதான் நான் செஞ்சேன்னு எழுதி, கையெழுத்தும் போட்டுட்டீகளே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாக. மாப்பிள்ளையை நிறுத்த வேண்டாம், வரட்டும். கைநாட்டு வைத்த காலத்தில் என் மேல் ஒரு குற்றமும் இருந்ததில்லை தாயி.